படை போன பிறகு: ஆப்கானிஸ்தான், 1989 முதல் 1992 வரை

சோவியத் படை ஆப்கானிஸ்தானில் தோற்றது. படை வெளியேறியதும் காபூல் அரசாங்கம் விழுந்தது. பிறகு தலிபான் வந்தது. எங்களில் கனபேருக்குத் தெரிந்த கதை இதுதான். ஆனால் திகதிகளை எடுத்துப் பார்த்தால் அப்படி நடக்கவில்லை. கடைசிச் சோவியத் படைப்பிரிவு 1989 பெப்ரவரி 15 இல் அமு தரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனது. நஜிபுல்லாவின் அரசு விழுந்தது 1992 ஏப்ரலில். இடையில் மூன்று வருடத்துக்கு மேல். சோவியத் ஒன்றியமே 1991 டிசம்பரில் இல்லாமல் போய்விட்டது. அதாவது, படை அனுப்பிய நாட்டைவிட அது விட்டுவிட்டுப் போன அரசு சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு இருந்தது. இது எப்படி நடந்தது?

முதலில் உள்ளே போன கதை. 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கிளர்ச்சி வெடித்தபோது ஆப்கான் தலைவர் தராக்கி சோவியத் படை கேட்டார். மொஸ்கோவில் பொலிட்பீரோ கூடிக் கதைத்து, மறுத்துவிட்டது. அங்கே போனால் சொந்த சனத்துக்கு எதிராகத்தான் எங்கள் படை சண்டை பிடிக்கும் என்று அந்தக் கூட்டத்திலேயே சொன்னார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அதே ஆட்கள்தான் படையை அனுப்பினார்கள். பிறகு நடந்த எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

வெளியேறுவது பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது கிட்டத்தட்ட ஏழு வருடம் ஓடியிருந்தது. 1986 நவம்பர் 13 இல் நடந்த பொலிட்பீரோ கூட்டத்தில் மார்ஷல் அக்ரோமெயேவ் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார்: சோவியத் சிப்பாயின் கால் படாத இடம் அந்த நாட்டில் இல்லை, ஆனால் நாட்டின் பெரும்பகுதி கிளர்ச்சியாளர்களின் கையில்தான் இருக்கிறது. பிடிக்கிற இடத்தைத் தக்கவைக்க முடியவில்லை, சனத்தின் ஆதரவும் இல்லை. ஒன்றிரண்டு வருடத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்பது கொர்பச்சேவின் நிலைப்பாடு.

சரி, முடிக்கிறது எண்டால் எப்படி? 1988 ஏப்ரல் 14 இல் ஜெனீவாவில் உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்டவை காபூல் அரசும் பாகிஸ்தானும். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உத்தரவாதம் கொடுத்தன. களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்த முஜாஹிதீன் குழுக்கள் மேசையில் இல்லை. பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாக இருந்த பல இலட்சம் சனத்துக்காகக் கதைக்கவும் அங்கே ஒருவரும் இல்லை. படை எந்தத் திகதியில் போகும் என்பது தெளிவாக எழுதப்பட்டது. போன பிறகு ஆர் ஆள்வது என்பது எழுதப்படவில்லை. இரண்டு வல்லரசுகளும் தத்தம் தரப்புக்குத் தொடர்ந்து ஆயுதம் கொடுத்தன.

கடைசி நேரத்திலும் மொஸ்கோவில் இழுபறி. வெளிவிவகார அமைச்சர் ஷெவர்ட்நாட்சே, நஜிபுல்லாவைக் கைவிடக்கூடாது, கொஞ்சப் படையையாவது விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடினார். கொர்பச்சேவின் ஆலோசகர் செர்னியாயெவ் அதை எதிர்த்தார். படை நிற்கவில்லை. ஆனால் 1989 ஜனவரி இறுதியில், போகிற பாதையைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, சாலாங் கணவாய்ப் பக்கக் கிராமங்கள் மீது குண்டு போட்டார்கள். அந்தப் பகுதியின் தளபதி மசூத்துடன் எழுதப்படாத ஒரு போர்நிறுத்தம் அப்போது இருந்தது. ஒருவரும் ஒருவரைச் சுடாமலே அந்தப் படை போயிருக்கலாம். மூன்று வாரத்தில் முடியப்போகிற போரில் அந்தக் கிராமத்துச் சனம் செத்தது.

படை போனதும் நஜிபுல்லா சில மாதத்தில் விழுவார் என்றுதான் வோஷிங்டனிலும் இஸ்லாமாபாத்திலும் கணக்குப் போட்டார்கள். 1989 மார்ச்சில் முஜாஹிதீன் ஜலாலாபாத்தைப் பிடிக்க இறங்கின. பிடிக்க முடியவில்லை. அதுவரை சோவியத் படைக்குப் பின்னால் நின்ற ஆப்கான் ஆமி தனியாக நின்று நகரத்தைக் காத்தது. ஆக்கிரமிப்புப் படை போய்விட்டதால் அதற்கு எதிரான புனிதப்போர் என்ற அழைப்பின் வலுவும் குறைந்தது. வடக்கிலிருந்து எரிபொருள், மா, ஆயுதம், காசு எல்லாம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காசில்தான் தோஸ்தும் போன்ற துணைப்படைத் தலைவர்களின் விசுவாசமும் நின்றது.

1991 செப்டெம்பரில் மொஸ்கோவும் வோஷிங்டனும் 1992 ஜனவரி 1 முதல் இரண்டு தரப்புக்கும் ஆயுதம் கொடுப்பதில்லை என்று இணங்கின. சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு எரிபொருளும் காசும்கூட நின்றது. எரிபொருள் இல்லாத விமானப்படையும் சம்பளம் இல்லாத ஆமியும் எத்தனை நாள் நிற்கும்? சில மாதத்துக்குள் தோஸ்தும் பக்கம் மாறினார். ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. நஜிபுல்லா காபூலில் ஐ.நா. வளாகத்தில் தஞ்சம் புகுந்தார். 1996 இல் தலிபான் அவரை அங்கிருந்து இழுத்துக் கொன்றது.

'ஆர் வென்றது' என்று கேட்டால் முஜாஹிதீன் என்று சொல்லலாம். காபூல் சனத்துக்கு அந்த வெற்றி எப்படி இருந்தது? சோவியத் காலம் முழுக்கப் பெரும்பாலும் தப்பி நின்ற நகரம், 1992 க்குப் பிறகு வென்றவர்கள் தங்களுக்குள் அடிபட்டபோதுதான் இடிந்தது. ஆயிரக்கணக்கானோர் ரொக்கட்டுகளுக்குப் பலியானார்கள். தலிபான் வந்தபோது ஒரு பகுதிச் சனம், இனியாவது சண்டை நிற்கும் என்று மூச்சு விட்டதை இந்தப் பின்னணி இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

மொஸ்கோவிலும் ஒரு தீர்ப்பு வந்தது. 1989 டிசம்பரில் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ், படை அனுப்பிய முடிவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. முடிவெடுத்த பிரெஷ்னேவ், அந்த்ரோபோவ், உஸ்தினோவ், குரோமிக்கோ நால்வரும் அதற்குள் இறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 15,000 சோவியத் படையினரும் எத்தனையோ இலட்சம் ஆப்கானியரும் இறந்த போருக்கு, பதில் சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை.

2020 பெப்ரவரி 29 இல் தோஹாவில் அமெரிக்காவும் தலிபானும் கையெழுத்திட்டபோதும் காபூல் அரசு மேசையில் இல்லை. அங்கேயும் படை போகிற கால அட்டவணை விபரமாக இருந்தது. அதன் பிறகு நாட்டை ஆர் எப்படி ஆள்வது என்பது ஆப்கானியர்கள் பிறகு பேசிக்கொள்ள வேண்டிய விடயமாக விடப்பட்டது. இந்த முறை அரசு மூன்று வருடம் தாங்கவில்லை. கடைசி அமெரிக்க விமானம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, 2021 ஓகஸ்ட் 15 இல், காபூல் விழுந்தது.

படை திரும்ப வேண்டும் என்று கேட்பது சரிதான். 1979 இல் அது போயிருக்கவே கூடாது. ஆனால் எப்போது போவது என்பது மட்டும்தான் விவாதமாக இருந்தால், அது போகிறவர்களின் விவாதம். அடுத்த மாதம் சம்பளம் ஆர் கொடுப்பது, மா எங்கேயிருந்து வரும், துவக்கு ஆரின் கையில் இருக்கும் என்பவை அங்கேயே இருக்கப்போகிறவர்களின் கேள்விகள். ஜெனீவாவிலும் தோஹாவிலும் அவற்றுக்குப் பதில் எழுதப்படவில்லை.