காப்பிக்கடைச் சுவரில் ருஸ்தம்

ஈரானில் 'கஹ்வே கானா' என்றால் காப்பிக்கடை. பெயர்தான் காப்பி, குடிப்பது தேநீர். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், தெஹ்ரானில் வேலை முடிந்தவர்கள் மாலையில் அங்கே கூடுவார்கள். கதைசொல்லி ஒருவர் கையில் கோலுடன் நின்று, பிர்தௌசி 1010-இல் முடித்த 'ஷாநாமா' காவியத்தை நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்வார்.

கடைக்காரர்கள் அந்தக் கதைகளையும் கர்பலா நிகழ்வுகளையும் பெரிய திரைச்சீலைகளில் வரையச் சொல்லிச் சுவரில் மாட்டினார்கள். வரைந்தவர்கள் ஹுசைன் கொல்லர் அகாசி, முகமது மொதப்பர் போன்றோர். மாதிரி எதையும் பார்க்காமல், கேட்ட கதையை மனத்தில் கண்டு வரைந்தார்கள். யார் யார் என்று தெரிய, உருவத்தின் பக்கத்திலேயே பெயரும் எழுதினார்கள். தன் மகன் என்று அறியாமல் சொஹ்ராபை ருஸ்தம் கொல்லும் கட்டம் வரும் நாளில் கடையில் இடம் கிடைக்காது.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் கூட்டம் குறைந்தது. ஓவியங்கள் பல அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. கதைசொல்லும் கலையை, உடனே காக்க வேண்டியவற்றின் பட்டியலில் 2011-இல் யுனெஸ்கோ சேர்த்தது. படத்தைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அதைக் காட்டிக் கதை சொல்ல ஒருவரும், உட்கார்ந்து கேட்கப் பத்துப் பேரும் வேண்டுமே!