யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்: சமாசனமும் பகிஷ்காரமும்

யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என்றவுடன் 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்காரமே ஆய்வாளர் பலரின் நினைவுக்கு வருகின்றது. 1924இல் அது மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரில், கல்லூரிச் சூழலிலே தோன்றிய அமைப்பு என்பது போதிய அழுத்தம் பெறுவதில்லை. அதன் வலிமை, வரம்பு ஆகிய இரண்டையும் விளங்கிக்கொள்வதற்கு இப்பிறப்பிடத்தையே முதலில் நோக்கவேண்டும் என்பது எமது கருத்து.

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய ஹண்டி பேரின்பநாயகம் (1899–1977) இதன் தலையாய அமைப்பாளர். மிஷன் கல்லூரியினரும் இந்துக் கல்லூரியினரும் இதில் ஒன்றுகூடினர். நாவலர் காலந்தொட்டுச் சமயப் பிணக்கு நிலவிய குடாநாட்டில் இது சிறிய செய்தியன்று. தீண்டாமை ஒழிப்பு, தேசிய உடை, தாய்மொழிக் கல்வி என்பன பற்றிப் பேசிய இவர்கள், தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்கவேண்டும் எனவும் கோரினர். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவர்களது அழைப்பின் பேரிலேயாகும்.

ஆயினும் உண்மையான சோதனை வகுப்பறையிலேதான் வந்தது. அக்காலப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர், வாங்கு ஏனையோருக்கு. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கவேண்டும் என 1929இல் அரசாங்கம் பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. மாணவர் காங்கிரசார் சமாசனத்தின் பக்கம் நின்றனர். அந்நியராட்சியை எதிர்ப்பதிலும், தம் சொந்த ஊரையும் உறவினரையும் எதிர்ப்பது கடினம் என்பதை யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பை அறிந்தோர் உணர்வர்.

பகிஷ்காரத்தின் கதை வேறு. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் வழங்கவில்லை என்பதே இவர்களது ஆட்சேபம். அது வகுப்புவாதச் செயல் எனப் பின்னர் கூறப்பட்டமை பொருந்தாது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை இவர்கள் எதிர்த்தே வந்தனர். 1931 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட மாநாட்டை அடுத்துப் பகிஷ்காரம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளும் வெறுமையாயின. தென்னிலங்கையும் பின்தொடரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சுட்டவேண்டும். சர்வசன வாக்குரிமை முதன்முறை நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. சமாசனத்துக்காக எவருடைய பிள்ளைகளின் பக்கம் காங்கிரஸ் நின்றதோ, அம்மக்களின் முதல் வாக்கையே அதன் பகிஷ்காரம் பின்தள்ளியது. கல்லூரி வட்டத்துக்கு வெளியே, கமக்காரரிடத்தும் கூலியாளரிடத்தும் வேரூன்றாத அமைப்புக்கு இம்முரண் தெரியாது போனதில் வியப்பில்லை.

வெற்றிடங்களுக்கான தேர்தல்கள் 1934இல் நடைபெற்றன. பருத்தித்துறையில் வென்ற ஜீ. ஜீ. பொன்னம்பலம் பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை முன்வைத்தார். குடாநாட்டு அரசியல் காங்கிரசார் விரும்பாத திசையிற் சென்றது. பேரின்பநாயகம் கல்வித்துறையிலேயே நிலைத்து, பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார்.