ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன்: குமரி மாவட்டம் பிள்ளைகளைப் பிரித்த கதை



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். ஓ.பி.யில் ஒரு அம்மா வந்தாங்க. பல மாதமா கட்டுக்குள் இருந்த ரத்த அழுத்தம் அன்னைக்கு 170/100. மாத்திரையை விட்டுட்டீங்களான்னு கேட்டேன்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா எடுக்கேன் சாரே. எனக்க மொவனுக்கு சயின்ஸ் குரூப் கெடையாதுன்னு சொல்லிட்டாவ. மூணு நாளா உறக்கம் இல்ல."

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பையனுக்குப் பதினைந்து வயசு. அம்மா பக்கத்தில் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

மார்க் இல்லைன்னா குரூப் இல்லை, இதில் என்ன அநியாயம்னு நீங்க கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைச்சேன். நம்ம மாவட்டத்து வரலாற்றைப் படிச்சபிறகு அப்படிச் சொல்ல வாய் வரல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க.

1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் ஓர் ஆணை பிறப்பித்தார். மக்களுக்குக் கல்வி கொடுக்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய இந்தியாவில் இது பெரிய விஷயம். ஆனால் ஆணை காகிதத்தில் இருந்தது, பள்ளிக்கூட வாசலில் சாதி இருந்தது. அன்றைக்கு மார்க் பார்த்துப் பிரிக்கவில்லை, பிறப்பைப் பார்த்துப் பிரித்தார்கள்.

அந்த வாசலை முதலில் அசைத்தது லண்டன் மிஷன். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பின்னால் வந்த மீட் தம்பதியர் நாகர்கோவிலில் பள்ளிகளை வளர்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது. அங்கே பெண்கள் கற்ற லேஸ் பின்னல் அவர்கள் கையில் காசையும் கொடுத்தது.

இதுக்கு எதிர்வினை என்ன தெரியுமா? தோள்சீலைக் கலவர காலத்தில் தாக்கப்பட்டது மேலாடை போட்ட பெண்கள் மட்டும் இல்லை. தேவாலயங்களோடு பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசர் அறிவிக்கும்வரை பிரச்சினை ஓயவில்லை. துணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுமே "உன் இடம் இது" என்ற கோட்டைத் தாண்டின. அதுதான் கோபம்.

அடுத்து எங்க துறையைச் சேர்ந்த ஒருவர். டாக்டர் பல்பு, திருவனந்தபுரத்துக்காரர். 1884-இல் திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் நான்காவது இடம் பிடித்தார். ஈழவர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். டாக்டராகத் திரும்பியபோதும் சொந்த ஊர் அரசு வேலை தரவில்லை. மைசூர் அரசு கொடுத்தது. பெங்களூரில் பிளேக் பரவியபோது உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தார். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மனுவைத் திருவிதாங்கூர் அரசரிடம் சேர்த்தவரும் இவர்தான்.

கவனிங்க. பல்புவுக்கு மார்க் இருந்தது. மார்க் இருந்தும் கதவு திறக்கல.

இன்னும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கோ தேர்வு எழுதவே வழியில்லை. புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அய்யங்காளி போராடினார். சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். அரசு அனுமதித்த பிறகும், பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துப்போன ஊரூட்டம்பலம் பள்ளி தீக்கிரையானது. அந்த ஊர் நம்ம மாவட்ட எல்லைக்கு ரொம்ப தூரம் இல்லை.

அடுத்தது 1953. மதராஸ் மாநிலத்தில் ராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தினமும் மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் "குலக்கல்வி" என்றார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நம்ம பகுதி அப்போ திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் அதில் மாட்டவில்லை. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, இங்கே பள்ளி திறப்பதும் மதிய உணவும்தான் பேச்சாக இருந்தது.

பலன்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பிள்ளைகளைப் பிரித்து இதைச் சாதிக்கல. வாசலைத் திறந்து சாதிச்சோம்.

சரி, அப்போ எல்லாம் முடிஞ்சதா? இல்லை. வாசலில் நின்ற பிரிவினை இப்போ வகுப்பறைக்கு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கு.

நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஏ முதல் டி வரை நாலு செக்‌ஷன். எட்டாம் வகுப்பு மார்க்கை வைத்துப் பிரிச்சாங்க. நான் ஏ. பக்கத்து வீட்டு நண்பன் டி. ஊரிலேயே நல்ல கணக்கு வாத்தியார் எங்களுக்கு. டி செக்‌ஷனில் கணக்கு பீரியடில் பாதி நாள் யாரும் இருக்க மாட்டாங்க. பால்வெட்டுத் தொழிலாளி, செங்கல் சூளைத் தொழிலாளி, கடல்தொழிலாளி பிள்ளைகள் எந்த செக்‌ஷனில் அதிகம் இருந்தாங்கன்னு நான் சொல்லணுமா? "டி-ன்னா மக்குப் பிள்ளைய"ன்னு நாங்களே சொன்னோம். அவனும் அதை நம்பினான். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

இப்போ ஒரு டாக்டரா பேசறேன். பெரிய பஸ் விபத்து, ஒரே நேரத்தில் முப்பது பேர் வர்றாங்க. நாங்களும் பிரிப்போம். அதுக்குப் பேர் ட்ரையாஜ். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஆனா அதில் ரெண்டு விதி உண்டு. ஒன்று, ஆபத்தில் இருப்பவருக்குத்தான் சீனியர் டாக்டர் முதலில் போவார். ரெண்டு, சிறிது நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்போம், நிறம் மாறும்.

பள்ளியில் ரெண்டும் தலைகீழ். நல்லா படிக்கிறவனுக்கு நல்ல வாத்தியார், தடுமாறுகிறவனுக்குக் காலி நாற்காலி. ஒருமுறை டி-ன்னு எழுதினா கடைசிவரை டி. இது ட்ரையாஜ் இல்லை, கைவிடுதல்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். பிரிப்பது எல்லாமே தப்புன்னு ஆய்வுகள் சொல்லல. 2011-இல் வெளியான கென்ய ஆய்வு, 121 தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிச்ச பள்ளிகளில் ரெண்டு பிரிவுமே முன்னேறின. ஆனா அங்கே எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செஞ்சாங்க. நல்ல ஆசிரியரை மேல் பிரிவுக்கு ஒதுக்கி வைக்கல.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிக்கிறாங்க. அரும்பு மலர் ஆகணும் என்பதுதான் நோக்கம். டி செக்‌ஷன் ஏ ஆகணும்னு எங்க பள்ளியில் யாரும் திட்டம் போட்டதே இல்லை.

மாற்ற முடியுமா? 1970-களில் பின்லாந்து பிள்ளைகளைச் சீக்கிரமே பிரிக்கும் பழைய முறையை விட்டு, எல்லாருக்கும் ஒன்பது வருடப் பொதுப் பள்ளி கொண்டுவந்தது. மதிப்பெண் பார்த்துத் தனித்தனிப் பாதையில் அனுப்பிய சிங்கப்பூர், 2024-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பழைய பிரிவுகளை எடுத்துவிட்டது. நாமும் செய்திருக்கிறோம். 2010-இல் நாலு பாடத்திட்டத்தை ஒன்றாக்கிய சமச்சீர் கல்விச் சட்டம், 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. ஆனா பதினொன்றாம் வகுப்பில் உயிரியலே கிடைக்காத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு பெரும்பாலும் எட்டாக்கனிதான்.

பெற்றோரா உங்க பள்ளியில் மூணு கேள்வி கேளுங்க. எந்த செக்‌ஷனுக்கு எந்த ஆசிரியர்? வருடத்தில் எத்தனை முறை திரும்பப் பார்க்கிறீங்க? போன வருடம் கீழிருந்து மேலே வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? உங்க பிள்ளை ஏ செக்‌ஷனில் இருந்தா, கட்டாயம் நீங்கதான் கேட்கணும். டி செக்‌ஷன் பெற்றோர் அந்த நேரத்தில் பால்வெட்டுக்குப் போயிருப்பாங்க.

அந்த அம்மாவுக்கு மருந்தை மாற்றல. பையன்கிட்ட, "மக்கா, உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?"னு கேட்டேன்.

"சயின்ஸ் சார். ஆனா ஒம்பதாம் கிளாஸ்ல இருந்தே டி செக்‌ஷன்."

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சயின்ஸ் குரூப்பில் இடம் இருக்கான்னு விசாரிச்சோம். இருந்தது. சேர்ந்துட்டான். அடுத்த மாதம் அந்த அம்மாவுக்கு 130/84.

அவன் டாக்டர் ஆவானா, தெரியாது. ஆனா அதைப் பதினாலு வயசில் வாங்கின ஒரு மார்க் முடிவு பண்ணக் கூடாது.