மின்னலுக்கு எழுதின புரோகிராமும் காற்றாலையும்

பொட்டி தட்டுற நமக்கு அஞ்சு வருஷப் பழைய கோடைப் பார்த்தாலே தலை சுத்தும். ஆனா 1960-கள்ல பொறந்த ஒரு புரோகிராமோட வாரிசுகளை வெச்சுத்தான் இன்னிக்கும் மின்தொகுப்புகளைச் சோதிக்கறாங்க.

மின்கம்பியில இடி விழுந்தாலோ, பெரிய சுவிட்சைப் போட்டாலோ மைக்ரோ செகண்டுகள்ல வோல்டேஜ் எகிறும், அலையா ஓடும். முன்னெல்லாம் இதை ஆராய, சுருள், மின்தேக்கி வெச்சு லேப்ல ஒரு குட்டி மின்தொகுப்பையே கட்டுவாங்க. ஹெர்மன் டொம்மெல் அதைக் கணக்காவே போட ஆரம்பிச்சது ஜெர்மனியின் மியூனிக்ல. வளர்த்தது அமெரிக்காவின் போனவில் பவர் அட்மினிஸ்ட்ரேஷன்ல. 1969-ல கட்டுரை வந்துச்சு. ஐடியா எளிமைதான்: நேரத்தைத் துளித்துளியா வெட்டணும். ஒவ்வொரு துளியிலயும் சுருள், மின்தேக்கிக்கு பதிலா ஒரு ரெசிஸ்டர், முந்தின துளியோட ஞாபகமா ஒரு கரண்ட் சோர்ஸ். மிச்சம் வெறும் சமன்பாடு. இ.எம்.டி.பி.ன்னு பேரு. அரசு நிறுவனத்துல வளர்ந்ததால கோடு பொதுச்சொத்தா இருந்துச்சு.

ஆனா ஒரு முழு மாநிலத்துக்கு இப்படிக் கணக்கு போட்டா கம்ப்யூட்டர் திணறும். அதனால பெரிய தொகுப்புக்கு, வேகமான அசைவுகளை விட்டுட்ட தோராய மாடலே போதும்னு வெச்சுக்கிட்டாங்க. டன் கணக்குல எடையுள்ள ஜெனரேட்டர் மெதுவாத்தான் அசையும்; அதுக்கு இது சரிப்பட்டுச்சு.

காற்றாலை, சோலார் கதையே வேற. அங்க முடிவெடுக்கறது இன்வெர்ட்டர்ல இருக்கற சாஃப்ட்வேர், அதுவும் மில்லி செகண்டுகள்ல.

2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. சுழல்காற்றுல மின்கோபுரங்கள் சாய, ரெண்டு நிமிஷத்துல ஆறு தடவை வோல்டேஜ் சரிஞ்சுது. 'இத்தனை தடவைக்கு மேல தாங்காதே'ன்னு ஒரு செட்டிங் இருந்ததால, 9 காற்றாலைப் பண்ணைகள் ஏழு செகண்டுக்குள்ள 456 மெகாவாட்டைக் குறைச்சிடுச்சு. அந்தச் சுமையெல்லாம் விக்டோரியா இணைப்பு மேல விழ, அதுவும் துண்டிச்சுது. மாநிலமே இருட்டு. சுமார் 8.5 லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் இல்ல.

கொடுமை என்னன்னா, தொகுப்பை நடத்துற ஏ.ஈ.எம்.ஓ.வுக்கு அந்த செட்டிங் இருக்கறதே தெரியாது. கொடுத்த மாடல்கள்ல அது இல்ல! அப்புறம்தான் மாநிலம் முழுசையும் டொம்மெல் வழியில, துளித்துளியா மாடல் பண்ணாங்க.

கணக்குப் போடற வழியை டொம்மெல் ஊரறியக் கொடுத்தார். இன்னிக்கு இன்வெர்ட்டர் கம்பெனிகள் தர்ற மாடல் பெரும்பாலும் பூட்டின பெட்டி. வியாபார ரகசியம் நியாயம்தான். ஆனா ஒரு மாநிலத்தையே இருட்டாக்கக்கூடிய ஒரு செட்டிங் ரகசியமா இருக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?