ஏரி இருந்த ஊர்

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு சாலை உண்டு. அங்கு நின்று எத்திசை நோக்கினும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த 'லாங் டாங்க்' என்னும் ஏரியின் நினைவே அப்பெயர். நகரம் பெருகவே, 1920-களில் அவ்வேரி தூர்க்கப்பெற்றது. அந்நிலத்தில் எழுந்தது தியாகராய நகர். வீடு வேண்டியோர் குற்றமுடையோர் அல்லர். ஆயினும் மழையைத் தேக்கி நிலத்துள் இறக்கிவந்த இடம் மறைந்தது.

இவ்வாறு நீர்நிலைகள் குறைய, மக்கள் கிணற்று நீரையே மேன்மேலும் இறைத்தனர். கடலோரத்தில் உப்புநீர் உட்புகும் அச்சமும் எழுந்தது. 1990-களில் சேகர் ராகவன் என்னும் பௌதிக அறிஞர் பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று, கூரைநீரை நிலத்துள் விடுமாறு வேண்டினார். செவிசாய்த்தோர் சிலரே. அவர் தளரவில்லை, ஒத்த கருத்தினரோடு கூடி 'ஆகாஷ் கங்கா' அறக்கட்டளையை அமைத்தார். 2002-இல் மந்தைவெளியில் அவர்களது மழைநீர் மையம் திறக்கப்பெற்றது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது.

சட்டம் குழியைத் தோண்டுவிக்கும்; ஆண்டுதோறும் அதைத் தூர் வாருவது வீட்டாரின் கடன். 2019 கோடையில் நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டதை மறத்தலாகாது. ஐப்பசி மழைக்குமுன் நம் வீட்டுக் குழியை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.