நெல் அளந்த இசை

பாடுவோர்க்கு ஊதியம் அளித்து, அப்பாட்டைப் பலரும் கேட்கச் செய்வது அரசின் கடன் என்னும் எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. சங்க காலப் பாணர் சுற்றத்தோடு நடந்து சென்று வள்ளலின் வாயிலில் நின்றனர். பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்தினான். வஞ்சியும் மதுரையும் உறந்தையும் நல்லியக்கோடனின் கொடைக்கு ஈடாகா எனச் சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் கூறுவதை மதுரையாராகிய நாம் சற்றே முகம் சுளித்துத்தான் படிக்கிறோம்! ஆயினும் அது வள்ளலின் மனத்தைப் பொறுத்த பரிசில். நாளையும் கிடைக்கும் என்னும் உறுதி அதில் இல்லை.

அவ்வுறுதியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் காண்கிறோம். திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் நியமித்த பிடாரர் 48 பேர்; உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர்; ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அடுத்த உறவினர் அந்நெல் பெற்றுப் பாடவேண்டும். அவர்க்குத் தகுதி இல்லையேல் தக்க ஒருவரைப் பாடச் செய்ய வேண்டும். பரம்பரை உரிமையை ஏற்ற அதே மூச்சில் தகுதியை அதற்கு மேலே வைத்த இவ்விதி, நெல்லின் அளவினும் பெரிது என்பது என் கருத்து.

ஆனால் அந்நெல் உழுதவன் விளைவித்த நெல். பிற்காலத்தில் உழுகுடிகளுள் பலர் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலியோர் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். அதுவரை மதிலுக்குள் ஓதப்பட்ட பண் அம்மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது. பொதுப்பொருளால் வளர்ந்த இசை பொதுமக்கள் அனைவருக்கும் உரியதாக இல்லை என்னும் உண்மையை இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

விடுதலைக்குப் பின் இப்பொறுப்பு மக்களாட்சியின் கைக்கு வந்தது. 1955இல் தோன்றிய சங்கீத நாடகச் சங்கம் பின்னர் இயல் இசை நாடக மன்றமாயிற்று. 1980களின் நடுவில் நடுவணரசு நாடெங்கும் ஏழு பண்பாட்டு மையங்களை நிறுவியபோது, தென்னக மையம் தஞ்சையில் அமைந்தது பொருத்தமே. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. இவை வேண்டியனவே. எனினும் விழா ஓரிரு நாளில் முடிவது. முக்குறுணி நெல்லோ நாள்தோறும் அளக்கப்பட்டது.

அந்த நாள்முறைக்கு நெருங்கியவை மாவட்ட அரசு இசைப்பள்ளிகளே. நம் சுற்றுவட்டத்தில் சிவகங்கையிலும் விருதுநகரிலும் இராமநாதபுரத்திலும் அவை உள்ளன. குரலிசை, நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரமும் அங்கு மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் தீக்கை பெற்ற பிடாரர் ஓதிய பதிகத்தை இன்று மானாவாரி நிலத்து உழவர் வீட்டுச் சிறுமியும் ஆசிரியர் முன் அமர்ந்து ஓதலாம்; குலம் கேட்பார் இல்லை. அவள் கற்று முடித்தபின் எங்கே பாடுவாள், யார் அவளுக்கு நாள்தோறும் அளப்பார் என்பதற்கு மட்டும் இன்னும் கல்வெட்டு எழுதப்படவில்லை.