கரும்பிலும் ஒரு மேட்டுக்குடி

காரைக்காலில் கப்பலேறியவர்களைப் பற்றி நெரவியில் பேசினால் கரும்பு வராமல் இருக்காது. 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். அவர்களில் நம் சேரி மக்கள் கணிசம். ஆகவே கரும்பின் வரலாறு நமக்கு வெறும் வேளாண்மைப் பாடமல்ல.

அத்தீவுகளில் விளைந்த தடித்த, சாறு மிகுந்த கரும்பை வெள்ளைக்காரர்கள் 'நோபிள் கேன்' என்றார்கள். மேட்டுக்குடிக் கரும்பு! ஆனால் அதற்கு நோய் தாங்காது. கோதாவரிப் படுகையில் செவ்வழுகல் நோய் அதைப் பாடாய்ப் படுத்தியது. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற மேட்டுக்குடிக் கரும்பை, யாரும் மதிக்காத ஆற்றோர நாணலோடு கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாப் வயலுக்குப் போய், அங்கிருந்த பழைய கரும்பை மகசூலில் மிஞ்சியது.

இவ்வகைக் கலப்புக்கு ஜாவாவின் டச்சு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'நோபிலைசேஷன்'. நாணலை மேன்மைப்படுத்துகிறார்களாம்! தாங்கும் உரம் நாணலுடையது, பெயர் மட்டும் மேட்டுக்குடியுடையது. தோழர்களே, எங்கோ கேட்டதுபோல் இல்லையா?

1934-இல் அதே நிலையத்தில் சேர்ந்த தலச்சேரி ஜானகி அம்மாள், தீயர் சமூகத்துப் பெண். நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். 1939-இல் இங்கிலாந்து போனவர், நேரு அழைத்த பிறகே 1951-இல் திரும்பினார்.

இன்றைய கரும்பு ரகங்களில் சுமார் 10 முதல் 20 விழுக்காடு குரோமோசோம்கள் நாணல் வழி வந்தவை. நோயையும் வறட்சியையும் தாங்கும் குணம் பெரிதும் அந்தப் பங்கிலிருந்து வருகிறது.